நாலு கிரவுண்டுக்கு ஒரு புள்ளி

அம்மாவுக்கு 74 வயது. 1978 முதல் 1990 வரை சென்னை வேளச்சேரியில், தண்டீஸ்வரர் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு மாற்றலாகிக் கோவைக்கு வந்தபின் அந்தப் பக்கம் போகவே வாய்க்கவில்லை. சென்ற கார்த்திகையில் மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அந்த வீட்டைக் கம்ப்யூட்டர்ல பார்க்கலாமாமே, காட்டேன்" என்றார்.

மடிக்கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்தேன். உருண்டை சுழன்றது, இந்தியா வந்தது, கடற்கரை வந்தது, வேளச்சேரி வந்து நின்றது. திரை முழுக்கக் கூரைகள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்த ஊருடா?"

"வேளச்சேரிதாம்மா."

"தண்ணி எங்க?"

வீட்டைத் தேடுவார் என்று நினைத்திருந்தேன். அவர் தண்ணீரைத் தேடினார். அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. வரைபடத்தில் ஒரு பழைய ஊரைத் தேடுவதற்கு வாசிக்கத் தெரிய வேண்டும் என்பது அந்த வாரங்களில்தான் புரிந்தது.

முதலில், திரையில் தெரிவது ஒரே படம் அல்ல. வெவ்வேறு நாளில் வெவ்வேறு செயற்கைக்கோள்களும், சில ஊர்களில் விமானங்களும் எடுத்த படங்களைத் தைத்துச் சேர்த்த ஒட்டுத்துணி அது. ஒரே தெருவின் கிழக்குப் பாதி ஜனவரியிலும் மேற்குப் பாதி ஏப்ரலிலும் எடுக்கப்பட்டிருக்கலாம். இந்த ஒட்டுவேலையை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது கீஹோல் என்ற சிறு நிறுவனம். அதை 2004இல் கூகுள் வாங்கியது. 2005 ஜூனில் அதுவே கூகுள் எர்த் ஆனது. கீஹோல் என்றால் சாவித்துவாரம். அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் வரிசையின் பெயர் அது. அந்த உளவுக்கோள்களுக்கும் நம் பழைய தெருக்களுக்கும் ஓர் உறவு உண்டு, பிறகு சொல்கிறேன்.

கூகுள் எர்த்தில் காலத்தைப் பின்னோக்கி நகர்த்தும் ஒரு பட்டை இருக்கிறது. 2009இல் கணினிப் பதிப்பில் வந்தது. 2024இல் இணையத்துக்கும் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. அதை இழுத்தேன். 2013இல் திறந்த பெரிய வணிக வளாகம் மறைந்தது. இன்னும் இழுத்தேன். 2007 நவம்பரில் திறந்த பறக்கும் ரயில் நிலையம் மறைந்தது. அடுக்குமாடிகள் மனைகளாயின, மனைகள் முட்புதராயின. 2000ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை வீடுகளை எண்ணிவிடலாம். அதற்கு முன்னால் போனால் படம் சட்டென்று பச்சையும் பழுப்புமாகக் கலங்கிவிடுகிறது. அம்மா வாழ்ந்த காலம் முழுவதும் அந்தக் கலங்கலுக்குள் இருந்தது.

ஏன் அப்படி? தரையில் ஒரு மீட்டர் அளவுள்ள பொருளைக் காட்டும் படத்தை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கலாம் என்ற நிலை 1999 செப்டம்பரில் ஏவப்பட்ட ஐகோனாஸ் செயற்கைக்கோளுக்குப் பிறகே வந்தது. அதற்கு முன்பு பொதுமக்கள் பார்க்கக்கூடிய படங்களில் நீண்ட தொடர் என்றால் லேண்ட்சாட்தான். அந்த வரிசையின் முதல் கோள் 1972 ஜூலையில் மேலே போனது. அதன் படத்தில் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ 80 மீட்டர். ஒன்றரை ஏக்கர் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். 1984இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 5இன் கூர்மையான படத்தில் அந்தப் புள்ளி 30 மீட்டர்தான். மூன்றாண்டு உழைத்தால் போதும் என்று கட்டிய கோள் அது. 2013 வரை உழைத்தது. 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, 16 நாளுக்கு ஒருமுறை, காலை பத்து மணியை ஒட்டி அது வேளச்சேரியைக் கடந்தது. 12 வயதுச் சிறுவனாக நான் பள்ளியில் இருந்த நேரம்.

30 மீட்டருக்கு 30 மீட்டர் என்றால் 900 சதுர மீட்டர். ஊர்க் கணக்கில் 22 சென்ட். சென்னைக்காரர் கணக்கில் நாலு கிரவுண்டு. அந்த நாலு கிரவுண்டுக்குள் ஓர் ஓட்டு வீடு, ஒரு கிணறு, மூன்று தென்னை, ஒரு மாட்டுக்கொட்டில் எல்லாம் இருந்தாலும் செயற்கைக்கோளுக்கு அவை சேர்ந்து ஒரே நிறம். எங்கள் வீடு ஒரு புள்ளியின் கால் பங்குகூட இல்லை. அதை அந்தப் படத்தில் ஒருநாளும் பார்க்க முடியாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் முடியாது. வலை வரைபடங்களில் ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் ஒரு சதுரம் நான்காகப் பிரிகிறது, அவ்வளவுதான். கேமரா பார்க்காத ஒன்றை அந்தப் பிரிவு உண்டாக்காது.

ஆனால் ஏரியைப் பார்க்கலாம். வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் 265 ஏக்கர், இன்று சுமார் 55 ஏக்கர் என்பது செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு. புள்ளிகளாக மாற்றினால், பழைய ஏரி ஏறத்தாழ 1,190 புள்ளி. இன்றைய ஏரி 250 புள்ளிக்குள். ஓட்டு வீட்டுக்குக் குருடாக இருக்கும் அதே கேமராவின் கண்ணிலிருந்து 900 புள்ளி மறைவது தப்பாது.

தண்ணீரை அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அப்பால் அண்மை அகச்சிவப்பு என்றோர் ஒளி இருக்கிறது. தண்ணீர் அதை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். பசும் இலையோ அதைப் பலமாகத் திருப்பி அனுப்பும். இலையின் உட்புறத் திசுக்களின் அமைப்பே அப்படி. ஆகவே அந்த ஒளியில் எடுத்த படத்தில் ஏரி மை போலக் கறுத்தும், நெல் வயல் பளீரென்றும் தெரியும். கலங்கிய செம்மண் தண்ணீரும் காய்ந்த களர்நிலமும் நம் கண்ணுக்கு ஒரே பழுப்பு; அகச்சிவப்பில் இரண்டையும் பிரித்தறிவது எளிது. பச்சை ஒளியின் அளவிலிருந்து அகச்சிவப்பின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். அது சுழிக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் தண்ணீர். 1996இல் முன்வைக்கப்பட்ட இந்த நீர்க் குறியீட்டெண், இன்றுவரை உலகெங்கும் ஏரிகளை எண்ணப் பயன்படுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு.

1980களின் பிற்பகுதிப் படம் ஒன்றை இப்படி மாற்றி அம்மாவிடம் காட்டினேன். கறுப்புத் திட்டைப் பார்த்ததும் விரலை வைத்தார்.

"இதோ இருக்குல்ல. ரோட்டு வரைக்கும் நிக்கும்டா. தவளைச் சத்தத்துல தூங்க முடியாது."

அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் ஒரு தப்பு செய்திருப்பேன். ஏனென்றால் அந்தப் படம் ஜனவரியில் எடுத்தது. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி தளும்பும் மாதம். அதற்கு எதிரே இன்றைய மே மாதப் படத்தை வைத்தால் எந்த ஏரியும் செத்துப்போனதாகத்தான் தெரியும். ஏரிப்பாசன ஊர்களில் ஏரி என்பது ஓர் ஆண்டுக்குள்ளேயே நிறைந்து வற்றும் உயிர். கோடையில் அதன் வயிற்றில் மாடு மேயும், வெள்ளரி போடுவார்கள். ஜனவரியை ஜனவரியோடும் மேயை மேயோடும் ஒப்பிட வேண்டும். அதுவும் ஓர் ஆண்டை மட்டும் நம்பாமல் நாலைந்து ஆண்டு பார்க்க வேண்டும். இணையத்தில் சுற்றும் 'அன்றும் இன்றும்' படங்களில் பல இந்த ஒரு விதியை மீறியவை. நல்ல நோக்கத்தோடு போடுகிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட ஒரு படம் பொய் என்று நிரூபிக்கப்பட்டால், உண்மையாக அழிந்த ஏரிக்கான வழக்கும் பலவீனப்படும்.

படத்தில் மாதம் குறிக்கப்படாவிட்டால் நிழலைப் பாருங்கள். இத்தகைய படங்களில் பெரும்பாலானவை காலை பத்து, பத்தரை மணிக்கு எடுத்தவை. சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் நிற்கும்; கட்டட நிழல் வடமேற்கில் நீளமாக விழும். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புகிறது. அந்த மாதங்களில் காலை நிழல் தென்மேற்குப் பக்கம் சாயும், குட்டையாக இருக்கும். நிழல் தெற்கே சாய்ந்திருந்தால் அது கோடைப் படம், ஏரி வற்றியிருப்பதில் ஆச்சரியமில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு பெரிய ஏமாற்று ஆகாயத்தாமரை. கழிவுநீர் சேர்ந்த ஏரிகளை அது மூடிவிட்டால், அகச்சிவப்பில் ஏரி கறுப்பாகத் தெரியாது, பூங்காபோலப் பளிச்சிடும். நீர்க் குறியீட்டெண் அதைத் தரை என்று சொல்லிவிடும். ஏரி அழிந்ததா, மூடப்பட்டிருக்கிறதா என்பதைக் கரையில் நிற்கிற மனிதர் ஒரு நொடியில் சொல்வார்.

கட்டடங்கள் சாய்ந்து தெரிவதும் பலரைக் குழப்புகிறது. கேமரா நேர் செங்குத்தாகப் பார்ப்பது அரிது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது உயரமான கட்டடத்தின் உச்சி ஒரு பக்கம் தள்ளி விழும். அடுத்த ஆண்டுப் படத்தில் வேறு பக்கம் விழும். படம் முழுவதுமே சில மீட்டர் நகர்ந்து பொருந்துவதும் உண்டு. பட்டையை இழுக்கும்போது வீடு குதிப்பதுபோலத் தோன்றுவது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டார் என்று இதை வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம். எல்லைத் தகராறுக்கு நில அளவரும் புலப்படமும்தான் வழி.

படத்தைத் தரையோடு பொருத்த, அசையாத இடங்கள் வேண்டும். கோயில் குளத்தின் மூலை, ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடம், பழைய பாலத்தின் முனை போன்றவை. தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்பார்கள். தென்சென்னையில் இந்த வேலைக்கு ஒரு நீண்ட முன்கதை இருக்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது இங்கேதான். பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர், நூறடிச் சங்கிலியை மாற்றி மாற்றி வைத்து அளந்தார்கள். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெருஞ்செயலுக்கு அது விதை. கூகுள் எர்த்தின் அளவுகோலால் அந்த இரு குன்றுகளுக்கிடையே ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். சமதரையும் தடையில்லாப் பார்வையும் வேண்டுமென்று தேர்ந்தெடுத்த அந்த வெட்டவெளியில் இன்று கோடு வீடுகளின் தலைமேல் போகிறது.

இத்தனைக்குப் பிறகும் அம்மாவால் எங்கள் வீடு இருந்த இடத்தைக் காட்ட முடியவில்லை. கூரையைப் பார்த்து யாரால் ஊரைச் சொல்ல முடியும்? 12 ஆண்டில் அவர் ஒருமுறைகூட அந்த ஊரை மேலிருந்து பார்த்ததில்லை.

மனித மூளை இடத்தை இரண்டு விதமாக வைத்துக்கொள்கிறது. ஒன்று நடந்த வழி: கோயிலைத் தாண்டி இடக்கைப் பக்கம், அப்புறம் அரிசி மில், அதற்கடுத்த சந்து. மற்றொன்று மேலிருந்து பார்த்தாற்போன்ற படம். இரண்டும் ஒன்றையொன்று தாங்குபவை. ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற உழைப்பு வேண்டும். 1971இல் ஜான் ஓ'கீஃப், எலி ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்கள் அதன் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இருப்பதைக் கண்டறிந்தார். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கூட்டம் அணுக்கள். 2005இல் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும், தரையில் அறுகோணக் கட்டம் போட்டதுபோல ஒழுங்கான இடைவெளியில் துடிக்கும் வேறு அணுக்களை அதன் அருகே கண்டார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. ஊரின் வரைபடம் என்று நாம் சொல்வது உவமை மட்டுமல்ல. தலைக்குள் அதற்கு ஓர் இடமே இருக்கிறது. அந்த ஹிப்போகாம்பஸ்தான் வாழ்வின் நிகழ்ச்சிகளை நினைவில் பதிப்பதிலும் பங்கேற்கிறது. ஒரு முச்சந்தியைச் சொன்னதும் அங்கே நடந்தது ஞாபகம் வருவதில் வியப்பில்லை.

ஆகவே வழியை மாற்றினேன். வீட்டைக் காட்டுங்கள் என்று கேட்பதை விட்டேன். தண்டீஸ்வரர் கோயிலைத் திரையில் வைத்து, "இங்கேர்ந்து நடங்கம்மா" என்றேன். அவர் சொல்லச் சொல்ல நான் நகர்த்தினேன். "நேராப் போ... கொஞ்சம் இரு, இங்க ஒரு நாவல் மரம்... இப்ப வலப்பக்கம்." நான்கு நிமிடத்தில் ஓர் அடுக்குமாடியின் மேல் வந்து நின்றோம். "இதான்" என்றார். முகத்தில் சந்தேகமே இல்லை. அந்த இடத்தை 2001ஐ ஒட்டிய படத்தில் பார்த்தேன். அங்கே ஓர் ஓட்டுக் கூரையின் செம்மை இருந்தது.

சரூ பிரையர்லி தம் ஊரைக் கண்டுபிடித்ததும் இப்படி நடந்துதான். 1986இல் ஐந்து வயதில் ரயிலில் தூங்கிப்போய்க் கல்கத்தாவில் இறங்கித் தொலைந்து, ஆஸ்திரேலியாவுக்குத் தத்துப் போனவர். ஊர்ப் பெயர் சரியாகத் தெரியாது. கல்கத்தாவிலிருந்து பிரியும் ரயில் பாதைகளைக் கூகுள் எர்த்தில் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று, நினைவில் இருந்த தண்ணீர்த் தொட்டியையும் பாலத்தையும் வைத்து 2011இல் காண்ட்வாவைக் கண்டுபிடித்தார். அவருக்கு உதவியது பாதையும் அடையாளமும்.

கண் மட்டத்துக்கு இறங்கிப் பார்க்கும் தெருக் காட்சி, 2007இல் அமெரிக்காவில் ஐந்து நகரங்களில் தொடங்கியது. அங்கெல்லாம் ஒரே வாசலைப் பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளியில் பார்க்கலாம். இந்தியாவில் 2011இல் பெங்களூரில் தொடங்கி உடனே நிறுத்தப்பட்டது. 2021இல் வரைபடம் எடுப்பதற்கான விதிகள் தளர்ந்த பிறகு, 2022 ஜூலையில்தான் சென்னை உட்படப் பத்து நகரங்களில் திரும்ப வந்தது. அதாவது நம் தெருக்களின் கண்மட்ட வரலாறு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. 1985இன் வேளச்சேரியைத் தெருவில் நின்று பார்க்க எந்த நிறுவனத்திடமும் படம் இல்லை. அது கல்யாண ஆல்பங்களின் ஓரத்திலும் அம்மாக்களின் தலைக்குள்ளும் மட்டும் இருக்கிறது.

இப்போது அந்த உளவுக்கோள்கள். 1960 முதல் 1972 வரை அமெரிக்கா கொரோனா என்ற பெயரில் செயற்கைக்கோள்களை அனுப்பிப் படச்சுருளில் படம் எடுத்தது. சுருள் நிறைந்ததும் அதை ஓர் உறைக்குள் போட்டு வானிலிருந்து கழற்றிவிடுவார்கள். பாராசூட்டில் இறங்கும் உறையை விமானம் ஒன்று கொக்கி போட்டு நடுவானிலேயே பிடிக்கும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்கள் 1995இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. பிற்காலக் கோள்களில் தெளிவு இரண்டு மீட்டருக்குள். லேண்ட்சாட்டை விடப் பதினைந்து மடங்கு கூர்மை, அதற்கும் முந்தைய காலம். ஏரிக்கரை, மதகிலிருந்து பிரியும் வாய்க்கால், வண்டிப்பாதை ஆகியவை தெரியும் தெளிவு. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் பெயரைப் பதிந்து, ஊரைக் குறித்துத் தேடலாம். ஏற்கெனவே மின்வடிவாக்கிய சுருள்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் முழுவதும் இலவசம். ஒரு வல்லரசின் ரகசியக் கண் பதிந்தது இன்று ஓர் ஊரின் மேய்ச்சல் நிலத்துக்குச் சாட்சி சொல்கிறது என்பதை நினைக்க எனக்கு மனம் நிறைகிறது.

படத்துக்கு முந்திய சாட்சி ஒன்றும் இருக்கிறது: பெயர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை. அங்கு நின்றால் எந்த லேக்கும் தெரியாது. மயிலாப்பூரின் நீள ஏரி என்று பழைய வரைபடங்கள் காட்டும் ஏரி, 1920களில் தியாகராய நகருக்காக வடிக்கப்பட்டது. சாலைப் பெயர் மட்டும் தங்கியது. பழவந்தாங்கல் போன்ற பெயர்களில் வரும் தாங்கல் என்பது சிறு ஏரி. வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் சாலையில் கைவேலி என்றொரு பேருந்து நிறுத்தம். அங்கே கையுமில்லை, வேலியுமில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பை ஊர்க்காரர்கள் கழிவெளி என்று சொல்வார்கள். அந்தச் சொல்தான் தேய்ந்து கைவேலி ஆனது என்பார்கள். தண்ணீர் பரந்து நின்ற வெளியின் ஓரம் எதுவரை வந்தது என்பதற்கு அந்த நிறுத்தம் ஒரு குறி.

அந்தக் கழிவெளியைக் கால ஓட்டப் படத்தில் பார்ப்பது கடினமான அனுபவம். கூகுள் 2021இல் 2.4 கோடி செயற்கைக்கோள் படங்களைக் கோத்து, 1984 முதலான ஆண்டுகளைத் திரைப்படம்போல ஓடவிட்டது. பள்ளிக்கரணையில் நிறுத்தி ஓடவிடுங்கள். 1960களில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்ட சதுப்பு நாலா பக்கமும் கடிக்கப்படுகிறது. பெருங்குடிக் குப்பைமேடு அதன் மேலேயே வளர்கிறது. கிழக்கே பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைக்கின்றன. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர், உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இவை நல்ல செய்திகள். ஆனால் படம் ஓடும்போது அவை எவ்வளவு தாமதமாக வந்தன என்பது கண்ணில் அடிக்கிறது. வளர்ச்சி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இந்தக் கட்டடங்களில் வேலை செய்கிறவர்களில் என் அக்கா மகனும் ஒருவன். தண்ணீர் நிற்கும் இடம் எது என்று மனை போடுவதற்கு முன் ஒருவரேனும் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா "இங்க தண்ணி நிக்கும்" என்று விரல் வைத்த இடங்கள் பலவற்றில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகு போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே வேளச்சேரி, அதே பள்ளிக்கரணை. அந்த நாட்களில் மேகம் மூடியிருந்ததால் சாதாரணக் கேமராவால் பயனில்லை; ரேடார் செயற்கைக்கோள்கள்தான் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். அலையற்ற நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு பக்கம் எறிந்துவிடுவதால் அந்தப் படத்தில் வெள்ளம் கறுப்பாகத் தெரியும். 1980களின் கறுப்பும் ரேடாரின் கறுப்பும் வெவ்வேறு காரணத்தால் வந்தவை. ஆனாலும் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டிய கடமை நகரத்தைத் திட்டமிடுவோருக்கு இருக்கிறது.

எல்லோருக்கும் இது ஏரித் தேடல் அல்ல. யாழ்ப்பாணத்தில் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்குப் பலாலியைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த தம் காணியைப் பார்க்க நெடுங்காலம் வானத்து வழி மட்டுமே இருந்தது. கூரை நிற்கிறதா, கிணறு தூர்ந்ததா, பனைகள் இருக்கின்றனவா என்று கனடாவிலோ லண்டனிலோ உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்ப்பது என்ன உணர்வு என்பதை நான் விவரிக்க முயலவில்லை. அது அவர்கள் எழுத வேண்டியது.

நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். கூகுள் எர்த்தில் ஊசிக்குறி போட்டு, அதனோடு குறிப்பு எழுதிச் சேமிக்கலாம். வாரம் அரை மணி அம்மாவோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் கோயிலிலிருந்து நடந்தோம். இதுவரை 43 குறிகள். மதகு. கலங்கல். நாவல் மரம். சலவைத் துறை. ராத்திரியில் நரி ஊளையிட்ட மேடு. அப்பா சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்த இடம். இவற்றில் ஏழெட்டை நில ஆவணத்தோடும் ஒப்பிட்டேன். தமிழக அரசின் மின்சேவைத் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் புலப்படமும் அ-பதிவேடும் கிடைக்கும் இடங்களில், நிலம் ஏரிப் புறம்போக்கா, வாய்க்காலா, நஞ்செய்யா என்ற வகைப்பாட்டைப் பார்க்கலாம். அம்மா வாய்க்கால் என்று சொன்ன இரண்டு இடங்கள் பதிவேட்டிலும் வாய்க்கால்தான். தரையில் ஒன்று தெருவாகிவிட்டது. மற்றது சாக்கடையாக இன்னும் ஓடுகிறது.

உங்கள் வீட்டிலும் பழைய தெரு ஒன்றைத் தலைக்குள் வைத்திருக்கும் பெரியவர் இருப்பார். இந்த ஞாயிறே அவரைத் திரைக்கு முன் உட்கார வையுங்கள். அவர் வீட்டைக் காட்டச் சொல்லாதீர்கள். கோயில், மசூதி, மாதா கோயில், ரயில் நிலையம், எது இன்னும் அதே இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து நடக்கச் சொல்லுங்கள். படங்கள் காப்பகத்தில் இருக்கின்றன, அடுத்த ஆண்டும் இருக்கும். அவர் சொல்வதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.